வீட்டைக் காலி பண்ணச் சொல்கிறார்களா? ‘மூன்று நாளில் ஸ்டே’ என்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள்

18,500 ரூபாய். எங்கள் ஒரு மாத வாடகையைவிட அதிகம். வாடகைதாரர்களுக்குச் சட்ட உதவி என்று போனில் விளம்பரம் ஓட்டுகிற ஒரு ஆன்லைன் சேவைக்காரர்கள் அதை வாங்கிக்கொண்டு எங்களை நடுத்தெருவில் விட்டுவிட்டார்கள். நேற்றுதான் முழு உண்மையும் தெரிந்தது. கை இன்னும் நடுங்குகிறது. வேறு யாரும் ஏமாறக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். என்ன செய்ய வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

சென்னை வில்லிவாக்கத்தில் ஆறு வருஷமாக ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். வாடகை 14,000, அட்வான்ஸ் 1,40,000. வாடகை ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. போன மாதம் ஹவுஸ் ஓனர் வந்து, மகனுக்குக் கல்யாணம், பதினைந்து நாளில் காலி பண்ணுங்கள் என்றார். பள்ளிக்கூடம் நடக்கிற நேரத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது, கொஞ்சம் அவகாசம் கொடுங்கள் என்று கேட்டோம். மறுநாளிலிருந்து மோட்டார் போடுவது நின்றுவிட்டது. கேன் தண்ணீரில் சமையல், பக்கத்து வீட்டில் குடம் பிடித்துக் குளியல். மாமியாருக்கு முட்டிவலி, அவரால் குடம் தூக்க முடியாது.

அந்த நேரத்தில்தான் விளம்பரம் கண்ணில் பட்டது. ‘ஹவுஸ் ஓனர் மிரட்டுகிறாரா? மூன்று நாளில் ஸ்டே ஆர்டர்.’ காலி பண்ண வைக்காமல் கோர்ட் போடும் தடை உத்தரவாம். மேலே அரசு முத்திரை மாதிரியே ஒரு படம். நம்பரைப் பதிவு செய்ததுமே கூப்பிட்டுவிட்டார்கள்.

பேசியவன் பேசிய விதத்தைச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் நாங்கள் விழுந்தது அங்கேதான். எடுத்த உடனே பணம் கேட்கவில்லை. பிள்ளைகள் எந்த வகுப்பு என்று கேட்டான். தண்ணீரை நிறுத்திவிட்டார் என்றதும், “அக்கா, அது சட்டப்படி தப்பு. 2017 சட்டத்துல இருபதாவது பிரிவு. அவரால ஒண்ணும் பண்ண முடியாது” என்றான். பிரிவு எண் சரியாகத்தான் இருந்தது, நானே தேடிப் பார்த்தேன். “அக்கா, நீங்க இனிமே தைரியமா தூங்குங்க. உங்க வாசப்படியை யாரும் மிதிக்க மாட்டாங்க, நான் பொறுப்பு” என்று அவன் சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தனை நாளில் எங்கள் பக்கம் நின்று பேசிய முதல் ஆள் அவன்.

பதிவுக் கட்டணம் 3,500. அன்று மாலையே கோர்ட் கட்டணமும் வக்கீல் ஃபீஸும் சேர்த்து 15,000. யுபிஐ வழியாகத்தான் அனுப்பினோம். பெயர் ஏதோ ஒரு தனி ஆளின் பெயராக வந்தது. கேட்டதற்கு, “எங்க அக்கவுண்டன்ட் அக்கா” என்றான். ஒரு வக்கீல் லெட்டர்பேடில் வழக்கு எண் போட்டு பிடிஎஃப் வந்தது. இந்த மாத வாடகையைக் கொடுக்காதீர்கள், அப்போதுதான் கேஸ் வலுவாக இருக்கும் என்று ஒரு யோசனை வேறு.

மூன்று நாள் கழித்து ஸ்டே எங்கே என்று கேட்டால், சார் கோர்ட்டில் இருக்கிறார். அப்புறம், ஃபைல் நகர்ந்துகொண்டிருக்கிறது. அப்புறம், ஆர்டர் டைப் ஆகிக்கொண்டிருக்கிறது. அக்கா அக்கா என்று பேசிய அந்தக் குரல் பிறகு போனை எடுக்கவே இல்லை. ஒவ்வொரு முறையும் புது ஆள், ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். ஒரு பெண் மட்டும், அர்ஜென்ட் பட்டியலில் சேர்க்க இன்னும் 6,000 கட்டுங்கள் என்றாள். கட்டவில்லை. அன்றைக்கே அவர்களுடைய ஆப்பில் ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, சேவைக்கு மதிப்பெண் அளியுங்கள்’ என்று வந்தது. தண்ணீர் இல்லாத வீட்டில் உட்கார்ந்து அதைப் படிக்கும்போது வயிறு எரிந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டால், ஆலோசனை வழங்கப்பட்டுவிட்டதால் ரீஃபண்ட் கிடையாதாம். 18,500 ரூபாய்க்கு என்ன ஆலோசனை? வாடகை கொடுக்காதே என்பதா?

அந்த யோசனை எவ்வளவு ஆபத்தானது என்பது நேற்றுதான் புரிந்தது. தெரிந்த ஒருவர் சொல்லி, பாரிமுனையில் உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிற சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போனேன். இலவச சட்ட உதவி தருகிற அரசு அமைப்பு அது. அங்கிருந்த வக்கீல் அம்மா பிடிஎஃப்பைப் பார்த்துவிட்டு, நீதிமன்ற வழக்கு விவரங்கள் இருக்கிற இ-கோர்ட்ஸ் அரசுத் தளத்தில் தேடினார். அந்த எண்ணில் எங்கள் பெயரில் எந்த வழக்கும் இல்லை. “ஹவுஸ் ஓனர் இன்னும் கேஸே போடலையேம்மா, எதுக்கு ஸ்டே வாங்குவாங்க?” என்று கேட்டார். இந்த ஒரு கேள்வியை அந்தக் கும்பலில் ஒருவன்கூட எங்களிடம் கேட்கவில்லை.

அவர் சொன்னது இதுதான். அந்த 2017 வாடகைச் சட்டம் தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, குடியிருப்பவர் தானாகக் காலி செய்யாவிட்டால் ஓனர் வாடகை நீதிமன்றத்தில் மனுப் போட்டு உத்தரவு வாங்க வேண்டும். சொந்தத் தேவை என்றாலும் அதே வழிதான், வாயால் சொல்லி வெளியேற்ற முடியாது. தண்ணீரை நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம். துணை ஆட்சியர் நிலையில் உள்ளவர் அவர். விசாரணை முடிவதற்கு முன்பே தண்ணீரைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. எங்களுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு மனு. அதற்கு 18,500 எதற்கு?

வாடகையை நிறுத்தச் சொன்னார்கள் என்றதும் அவருக்கே கோபம் வந்துவிட்டது. இரண்டு மாத பாக்கி வைத்து, நோட்டீஸ் வந்தும் கட்டாமல் இருந்தால் அதுவே வெளியேற்றக் காரணமாகிவிடும். நல்லவேளை, ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, நேற்று இரவே அனுப்பிவிட்டோம். இன்னொன்றும் சொன்னார்: எங்கள் பதினொரு மாத அக்ரிமென்ட் எப்போதோ முடிந்து, அதன்பிறகு வாய்ப்பேச்சிலேயே ஓடுகிறது. எழுத்து ஒப்பந்தம் இல்லை என்பதையே காரணமாகக் காட்டி ஓனர் நீதிமன்றம் போகலாமாம். அக்ரிமென்டின் போட்டோவை முதல் நாளே வாங்கிக்கொண்ட அந்த ஆப்காரர்கள் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

இதையெல்லாம் அவர் எனக்குச் சொன்னது இலவசமாக. 1987 ஆம் வருடச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்களுக்கும் உண்டு. வக்கீலையும் அவர்களே தருவார்கள். இப்படி ஒன்று இருப்பதை எந்த விளம்பரமும் என் போனில் காட்டவில்லை. காசு பிடுங்குகிறவனின் விளம்பரம் மட்டும் நாள் முழுக்க வருகிறது.

விரிவாக எழுத நினைத்தேன். தண்ணீருக்கான மனுவுக்குக் கையெழுத்துப் போட இப்போது கிளம்ப வேண்டும், அதனால் அவசரமாக:

வக்கீல்கள் விளம்பரம் செய்து ஆள் பிடிக்கக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. 2024இல் சென்னை உயர் நீதிமன்றமும் இணையதளங்கள் வழியாக இப்படி ஆள் பிடிப்பதைக் கண்டித்திருக்கிறது. ஸ்டே வாங்கித் தருகிறேன் என்று விளம்பரம் வந்தால் தொடாதீர்கள்.

15100க்குக் கூப்பிடுங்கள், சட்ட உதவி எண். மாவட்டம்தோறும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, நேரில் போவது இன்னும் நல்லது.

வழக்கு எண் கொடுத்தால் அன்றைக்கே இ-கோர்ட்ஸில் தேடிப் பாருங்கள்.

பணம் போய்விட்டால் உடனே 1930க்குக் கூப்பிடுங்கள், ஆன்லைன் பண மோசடிக்கான புகார் எண். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு. எங்கள் 18,500க்கும் புகார் பதிவாகியிருக்கிறது.

வாடகையை நிறுத்தாதீர்கள். ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்புங்கள். அட்வான்ஸைத் தருகிறேன் என்று சொல்லி வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்.