ஸ்போக்ஸ் நீளம்: மாதிரிக் கம்பியா, இணையக் கணிப்பானா, கை அளவா?

சைக்கிள் வீல் கட்ட ஸ்போக்ஸ் வாங்கப் போகிறவருக்கு மூன்று வழி இருக்கிறது. பழைய கம்பி ஒன்றைக் கழற்றி அதே நீளத்தில் கேட்டு வாங்கலாம். ரிம், ஹப் (சக்கரத்தின் நடுவில் அச்சு ஓடும் பாகம்) தயாரிப்பாளர்கள் கொடுக்கும் அளவுகளை இணையக் கணிப்பானில் போட்டுப் பார்க்கலாம். எல்லாவற்றையும் நாமே அளந்தும் கணக்குப் போடலாம்.

மாதிரிக் கம்பி வழியைப் பலர் மட்டமாகப் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முன்சக்கரத்துக்கு 32, பின்சக்கரத்துக்கு 40 கம்பி போடும் நம் பழைய ரோட்ஸ்டர் சைக்கிளில், துருப்பிடித்த ரிம்மை எடுத்துவிட்டு அதே ரகத்தைப் போடுகிறவருக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் கழற்றுவதற்கு முன் டயரையும் ரிம் டேப்பையும் எடுத்துவிட்டு நிப்பிளை (கம்பியின் மரை முனையை ரிம்மில் பிடித்து இறுக்கும் குட்டி நட்டை) உள்பக்கமிருந்து பாருங்கள். கம்பி முனை நிப்பிள் தலையில் உள்ள ஸ்க்ரூடிரைவர் வெட்டின் அடிமட்டம் வரை வந்திருக்கிறதா? 2 மி.மீ. உள்ளே நின்றால், முன்பு கட்டியவர் குட்டைக் கம்பி போட்டிருக்கிறார் என்று அர்த்தம். அப்போது மாதிரியைவிட 2 மி.மீ. நீளமாக வாங்க வேண்டும். நீளத்தை வளைவின் உட்புறத்திலிருந்து மரையின் நுனி வரை அளக்க வேண்டும். ரிம்மோ ஹப்போ வேறு ரகமாக மாறினால் இந்த வழி அத்தோடு முடிந்தது. இரட்டைச் சுவர் ரிம்முக்கு மாறுகிறவர்கள் பழைய கம்பியை மறந்துவிடலாம்.

அடுத்து கணிப்பான்கள். டிடி ஸ்விஸ் நிறுவனத்தின் கணிப்பான் நல்லதா, டாமன் ரினார்ட் உருவாக்கிய ஸ்போக்கால்க் எக்ஸெல் தாள் நல்லதா என்று அடிக்கடி கேட்கிறார்கள். அடிப்படையில் இரண்டும் போடுவது ஒரே முக்கோணக் கணக்குதான். ரிம் ஆரம் (இ.ஆர்.டி. எனப்படும் ரிம்மின் கணக்கு விட்டத்தில் பாதி, விளக்கம் கீழே வரும்), ஹப் துளைவட்டத்தின் (கம்பித் துளைகள் அமைந்த வட்டத்தின்) ஆரம், ஹப்பின் நடுவிலிருந்து ஃப்ளாஞ்சுக்கு (அந்தத் துளைகள் உள்ள பக்கத் தட்டுக்கு) உள்ள தூரம் ஆகிய மூன்றின் வர்க்கங்களையும் கூட்ட வேண்டும். இரண்டு ஆரங்களின் பெருக்கத்தை 2 ஆலும் கோணத்தின் கொசைனாலும் பெருக்கி அதிலிருந்து கழிக்க வேண்டும். வர்க்கமூலம் எடுத்து, ஹப் துளை விட்டத்தில் பாதியைக் கழித்தால் நீளம் கிடைத்துவிடும். 720ஐக் கிராஸ் எண்ணிக்கையால், அதாவது ஒரு கம்பி தன் பக்கத்தில் உள்ள எத்தனை கம்பிகளைக் குறுக்கே கடக்கிறதோ அந்த எண்ணால், பெருக்கி மொத்தத் துளைகளால் வகுத்தால் கோணம் வரும்.

36 துளை, மூன்று கிராஸ், ஒரே மாதிரி இரு பக்கமும் உள்ள முன்சக்கரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ரிம்மின் இ.ஆர்.டி. 600, துளைவட்ட விட்டம் 45, ஃப்ளாஞ்ச் தூரம் 35, துளை 2.6 மி.மீ. கோணம் 60 பாகை. விடை 290.2 மி.மீ. இப்போது ஒவ்வோர் அளவையும் வேண்டுமென்றே கொஞ்சம் தப்பாகப் போட்டுப் பார்ப்போம். ஃப்ளாஞ்ச் தூரத்தில் 2 மி.மீ. பிசகினால் விடை கால் மி.மீ. தான் நகர்கிறது. துளைவட்ட விட்டத்தில் 2 மி.மீ. பிசகினால் அரை மி.மீ.கூட நகர்வதில்லை. இ.ஆர்.டி.யில் 3 மி.மீ. பிசகினாலோ முழுசாக ஒன்றரை மி.மீ. போய்விடுகிறது. (கிராஸ் எண்ணிக்கையை நான்கு என்று போட்டுவிட்டால் 297.7 வரும், அது வேறு கதை.)

ஆகவே எந்தக் கணிப்பான் என்பதைவிட, இ.ஆர்.டி. எண் யாரிடமிருந்து வந்தது என்பதுதான் முக்கியம். எதிரெதிர்த் துளைகளில் மாட்டிய கம்பிகளின் முனைகள் நிப்பிள் வெட்டின் அடிமட்டத்தில் நிற்கும்போது அவற்றுக்கு இடையே உள்ள தூரம்தான் இ.ஆர்.டி. ஆனால் எல்லாத் தயாரிப்பாளர்களும் அதைத்தான் எழுதுகிறார்கள் என்று நம்ப முடியாது. நிப்பிள் உட்காரும் இடத்தின் விட்டத்தைத் தருபவர்களும் உண்டு. அது சில மி.மீ. குறைவாக இருக்கும், மேலே பார்த்த ஒன்றரை மி.மீ. கோளாறு இப்படித்தான் வருகிறது. பெயர் தெரியாத ரிம்மாக இருந்தால் அந்த எண்ணும் கிடைக்காது.

அதனால்தான் நான் கை அளவின் பக்கம் நிற்கிறேன். இரண்டு பழைய கம்பிகளைச் சரியாக 250 மி.மீ. நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். முனை வெட்டின் அடிமட்டத்துக்கு வரும்வரை நிப்பிளைத் திருகி, நகராமல் பசை போட்டுவிடுங்கள். எதிரெதிர்த் துளைகளில் மாட்டி இரண்டையும் உள்நோக்கி இழுத்துப் பிடித்து, நடுவில் உள்ள இடைவெளியை அளந்து 500ஐக் கூட்டினால் இ.ஆர்.டி. வந்துவிடும். ரிம் லேசாக நீள்வட்டமாக இருக்கலாம் என்பதால் மூன்று நான்கு இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். வீல் கட்டும்போது போடப்போகும் அதே ரக நிப்பிளை வைத்தே அளப்பது நல்லது. ஹப் அளவுக்குச் சாதாரண ஸ்கேல் போதும். அங்கே துல்லியத்துக்கு மெனக்கெட வேண்டியதில்லை என்பதை மேலே பார்த்தோம். இந்த எண்களை எந்தக் கணிப்பானில் வேண்டுமானாலும் போடுங்கள்.

பின்சக்கரம் என்றால் இரு பக்கத்துக்கும் தனித்தனியாகக் கணக்குப் போடுங்கள். அதே ரிம்மில் ஃப்ரீவீல் பக்கம் 18, மறுபக்கம் 36 மி.மீ. தூரம் இருந்தால் 288.7, 290.3 என்று இரண்டு நீளம் வரும்.

சரி, 291.3 என்று வந்து, கடையில் 290ம் 292ம் மட்டும் இருந்தால்? ஒற்றைச் சுவர் ரிம், பித்தளை நிப்பிள் என்றால் 290 எடுப்பேன். இழுவை ஏறும்போது 2 மி.மீ. கம்பி அரை மி.மீ. வரை நீளும், நீண்ட முனை வெளியே துருத்திக்கொண்டு டியூபைக் குத்தவும் செய்யும். அலுமினிய நிப்பிள் என்றால் 292. கம்பி முனை தலைக்குள் போய்ச் சேராத அலுமினிய நிப்பிள் கழுத்தில் ஒடிந்துபோகும்.