பெட்டி ரீவியின் கூடு: புரோமினா, பொஸ்பரஸா, தகரமா?

கிளிநொச்சியில் மாமி வீட்டு வளவில் ஒரு பெட்டி ரீவி கிடக்கிறது. மீள்குடியேறி, கரண்ட் வந்த கையோடு வாங்கியது. உள்ளே இருந்ததையெல்லாம் பழைய இரும்புக்காரர் கழற்றிக்கொண்டு போய்விட்டார். மிச்சம் கறுப்புக் கூடு மட்டும்தான்.

“தம்பி, சருகோட சேர்த்து உதையும் கொளுத்திவிடவோ?” என்று மாமி கேட்டார்.

வேண்டாம் என்றேன். ஏன் என்று சொல்லத்தான் நேரம் எடுத்தது.

இந்தக் கூடுகள் பெரும்பாலும் ஏபிஎஸ் அல்லது பொலிஸ்ரைரீன் என்ற பிளாஸ்ரிக் வகைகள். பற்றினால் சொட்டுச் சொட்டாக உருகி எரியும். அதனால் தீயைத் தடுக்கும் மருந்தாக உள்ளே புரோமின் சேர்மம் கலப்பார்கள். சூடு ஏறியதும் ஐதரசன் புரோமைட்டு வெளியாகி, சுவாலையை வளர்க்கும் மூலிகங்களை, அதாவது சட்டென்று வினைபுரியும் துணுக்குகளை, பிடித்துக்கொள்ளும். தீ தானாகவே தளரும். துணைக்கு அந்திமனி ஒட்சைட்டும் உண்டு. கூட்டின் எடையில் 10 முதல் 20 வீதம் வரை சேர்த்தால் போதும், பிளாஸ்ரிக்கின் உறுதியும் பெரிதாகக் குறையாது. தீயைத் தடுப்பதை மட்டும் பார்த்தால், புரோமினுக்குத்தான் என் புள்ளி.

ஆனால் பிபிடிஈ போன்ற புரோமின் சேர்மங்கள் பிளாஸ்ரிக்கோடு பிணைந்திருப்பதில்லை, சும்மா கலந்துதான் கிடக்கின்றன. கூடு வெயிலில் காய்ந்து நொறுங்க, தூசியோடு வெளியேறி, உயிர்களின் கொழுப்பில் போய்த் தங்கும். குப்பையோடு சேர்த்துக் கொளுத்தினால் புரோமின் ஏறிய டயொக்சின், பியூரான் என்ற கொடிய நஞ்சுகள் உருவாகும். 1973இல் அமெரிக்காவின் மிச்சிகனில், இதே குடும்பத்துப் பிபிபி மாட்டுத் தீவனத்தில் தவறுதலாகக் கலந்தது. சுமார் 30,000 மாடுகளையும் 15 இலட்சம் கோழிகளையும் அழிக்க வேண்டி வந்தது. அழியாமல் நிலைக்கும் நஞ்சுகளைத் தடுக்க நாடுகள் செய்துகொண்ட ஸ்ரொக்ஹோம் உடன்படிக்கை, 2009இல் பிபிடிஈயின் பென்ரா, ஒக்ரா வகைகளையும் 2017இல் டெக்காவையும் தடைப் பட்டியலில் சேர்த்தது. அதற்கு முன் செய்த பெட்டிகள் இன்னும் எங்கள் வளவுகளில்தான் கிடக்கின்றன.

பொஸ்பரஸ் வேறு வழியில் வேலை செய்கிறது: மேற்பரப்பில் கரிப்படலம் கட்டி, தீக்குக் காற்றும் எரிபொருளும் கிடைக்காமல் மறிக்கும். தனி ஏபிஎஸ்ஸில் கரி ஒழுங்காகக் கட்டாது. ஆகவே ஏபிஎஸ்ஸோடு பொலிகார்பனேற்று என்ற பிளாஸ்ரிக் சேர்த்த, விலை கூடிய கலவைக்கு மாற வேண்டும். இதுவும் சுத்தமான பிள்ளை இல்லை. ரைபீனைல் பொஸ்பேற்று போன்ற பொஸ்பரஸ் மருந்துகள் மீனுக்கு நஞ்சு. என்றாலும் எரித்தால் புரோமின் டயொக்சின் வராது.

அலுமினியம் ஐதரொட்சைட்டு? சுமார் 200 பாகையில் தண்ணீரைக் கக்கித் தீயைக் குளிர்விக்கும், நல்ல பொருள். ஆனால் ஏபிஎஸ்ஸை வார்ப்பதே அதைவிடக் கூடிய சூட்டில். அதோடு எடையில் பாதிக்கு மேல் சேர்த்தால்தான் பலன். வயர் உறைக்குச் சரி, ரீவிக் கூட்டுக்கு ஆகாது.

தகரக் கூட்டுக்கு எந்த மருந்தும் வேண்டாம். பாரம் அதிகம், கரண்ட் அடிக்காமல் நிலக்கம்பி இணைக்கவும் வேண்டும். ஆனால் பழைய இரும்புக்காரர் தகரத்தைக் கிலோக்கணக்கில் நிறுத்துக் காசு தந்து கொண்டு போவார். பிளாஸ்ரிக் கூட்டைத் திரும்பியும் பார்க்கமாட்டார். பொருள் கடைசியில் எங்கே போய்க் கிடக்கும் என்று பார்த்தால், எங்கள் ஊருக்குத் தகரம்தான் முதலாவது, பொஸ்பரஸ் இரண்டாவது. ஒழுங்கான சேகரிப்பு உள்ள நாட்டுக்காரர் வேறு வரிசை போடலாம்.

மாமியின் கூட்டில் எது இருக்கிறது என்று பார்க்க ஒரு வாளி போதுமாக இருந்தது. பத்து லீற்றர் தண்ணீரில் ஒன்றேகால் கிலோ ஆனையிறவு உப்பைக் கரைத்து, கூட்டின் ஒரு துண்டை உடைத்துப் போட்டேன். மருந்து கலக்காத ஏபிஎஸ் அதில் மிதக்கும். குமிழி ஒட்டாமல் விரலால் அமத்திவிட்டேன். துண்டு நேரே அடியில் போய் இருந்தது. பிவிசி என்ற பிளாஸ்ரிக்கும் பொஸ்பரஸ் சேர்த்த கலவையும்கூடத் தாழும் என்பதால் இது தீர்ப்பல்ல. ஆனாலும் அந்தக் காலத்து ரீவி என்றால் என் சந்தேகம் புரோமின் மேல்தான்.

மாமி வாளியை எட்டிப் பார்த்தார். “அப்ப கிடங்கு வெட்டித் தாட்டாலோ?” கிணறு பத்தடி தள்ளித்தான் இருக்கிறது. அதுவும் வேண்டாம், இலத்திரனியல் கழிவு எடுக்கும் நாள் வரும்வரை சாக்கில் கட்டி நிழலில் வைப்போம் என்றேன்.

“அதுக்குள்ள பேடு அடை கிடக்குதடா,” என்றார்.

எட்டு முட்டை. முதலில் அவற்றைக் கடகத்துக்கு மாற்றினோம்.