ராயல் டார்னாக்குக்குப் பக்கத்தில்: பிரோரா, டெய்ன், கோல்ஸ்பி

ஸ்காட்லாந்தின் வடகோடிக்கு கோல்ஃப் ஆடப் போகிறவர்கள் பெரும்பாலும் ராயல் டார்னாக் என்ற புகழ்பெற்ற மைதானத்தோடு திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து காரில் அரைமணி நேரத்துக்குள் இன்னும் மூன்று மைதானங்கள் இருக்கின்றன. ஒரே ஒரு நாள்தான் மிச்சம் என்றால் யோசிக்கவே வேண்டாம், பிரோரா.

பிரிட்டிஷ் ஓபன் கோல்ஃப் பட்டத்தை ஐந்து முறை வென்ற ஜேம்ஸ் பிரெய்டு 1923-இல் திருத்தி அமைத்த மைதானம் அது. முதல் ஒன்பது குழிகள் கடலோரமாக வடக்கே போகும், அடுத்த ஒன்பதும் உள்பக்கமாகத் திரும்பி வரும். அதிகம் வீசுவது தென்மேற்குக் காற்று என்பதால் போகும்போது பந்து தானாகப் பறக்கும். அந்த ஸ்கோரை நம்பி மகிழ வேண்டாம். திரும்பும்போது காற்று வட்டியோடு வசூலித்துவிடும். பார்-3 குழிகள் (மூன்று அடியில் முடிக்க வேண்டியவை) நான்கும் நான்கு திசைகளில் அமைந்திருப்பதால் ஒரே கணக்கு இரண்டு முறை உதவாது. கடைசிக் குழியே ஒரு பார்-3: ஏறத்தாழ 200 கஜம், மேட்டின் மேல் கிரீன் (குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்பரப்பு).

ஊராரின் ஆடுமாடுகள் தலைமுறைகளாக மேய்ந்த பொதுநிலம் இது. புல் கட்டை, தரை இறுகல். இங்கே பந்தை உயரத் தூக்கும் மட்டையான வெட்ஜில் அடிப்பாகம் தடித்ததை எடுத்தால் அது தரையில் பட்டுத் துள்ளும். விளிம்பு பந்தின் நடுவில் இடித்து, பந்து கிரீனைத் தாண்டி ஓடிவிடும். கிரீனுக்கு வெளியே 20 கஜத்திலிருந்தும் பந்தை உருட்டும் பட்டர் அல்லது தாழ்வாக ஓடவிடும் 7-அயர்ன் மட்டைதான் நல்லது. முதுகுக்காற்றில் கொடியை நேராகக் குறிவைக்காமல், கிரீனுக்கு முன்பே இறக்கி உருளவிடுங்கள்.

டெய்ன் 1890-இல் அந்தக் கால மைதான வடிவமைப்பாளர் ஓல்ட் டாம் மோரிஸ் போட்டுக்கொடுத்தது. 11-வது குழியான ‘ஆல்ப்ஸ்’ஸில் இரண்டு மணல்மேடுகள் கிரீனை மறைத்து நிற்கின்றன. அடிக்கும் முன் மேட்டருகே நடந்துபோய்க் கொடி எங்கே என்று பார்த்துவிட்டு வாருங்கள். பலர் சோம்பல்பட்டு ஒரு ஷாட்டை இழப்பது இங்கேதான். கோர்ஸ் எனும் மஞ்சள்பூ முட்புதரும் தொல்லை தரும். பந்து அதற்குள் போனதாகச் சந்தேகம் வந்தாலே, ‘புரொவிஷனல்’ (தற்காலிகப் பந்து) என்று வாய்விட்டுச் சொல்லி இன்னொன்றை அடித்துவிட்டு நகருங்கள். தேடக் கிடைப்பது மூன்றே நிமிடம்.

கோல்ஸ்பி கலவையானது. கடலோரத்தில் தொடங்கி, நடுவில் ஹீதர் புதரும் மரங்களுமாக மாறி, மறுபடி லிங்க்ஸாக, அதாவது கடலோர மணல்மேட்டு மைதானமாக, முடிகிறது. சுத்த லிங்க்ஸ் பிரியர்கள் முகம் சுளிப்பார்கள். ஏறத்தாழ 6,000 கஜம்தான் என்பதால், களைத்த கால்களுக்கு மாலை ஆட்டமாக இதைவிடப் பொருத்தமானது இந்தப் பக்கம் இல்லை என்பதே எங்கள் கருத்து.

இன்வெர்னஸிலிருந்து வரும் வழியிலேயே இருப்பதால் டெய்னை வந்திறங்கும் நாளுக்கு வையுங்கள். பிரோராவும் கோல்ஸ்பியும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும் என்பதால் இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாம். சனிக்கிழமை காலை மட்டும் வேண்டாம், அது பெரும்பாலும் உறுப்பினர் போட்டிகளுக்கான நேரம். கார் இல்லாவிட்டாலும் இந்த மூன்று ஊர்களிலும் ரயில் நிற்கும்; டார்னாக்கில்தான் நிலையம் கிடையாது. ஆனால் நாளுக்குச் சில ரயில்களே ஓடுவதால், ரயில் நேரத்தைப் பார்த்த பிறகே ஆட்ட நேரத்தைப் பதிவு செய்யுங்கள்.