நான்கு சிலிண்டரா, ஆறு சிலிண்டரா: எம்எம் 540 ஜீப்பும் ஜோங்காவும்

எங்கள் வீட்டில் நிற்பது 1980களின் பிற்பகுதியில் வந்த மஹிந்திரா எம்எம் 540 டீசல் ஜீப். கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் என் மாமாவிடம், ராணுவத்திலிருந்து கழிக்கப்பட்டு ஏலத்தில் வந்த ஜோங்கா ஒன்று இருக்கிறது. ஐப்பசி மழை விட்ட பிறகு இருவரும் இரண்டு வாரங்களுக்கு வண்டிகளை மாற்றிக்கொண்டோம். பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி தேடுகிறவர்கள் முதலில் கேட்பது சிலிண்டர் எண்ணிக்கையைத்தான் என்பதால், அந்த இரண்டு வாரங்களில் கண்டதை எழுதுகிறேன்.

ஜோங்கா என்பது நிசான் பேட்ரோல் 60 வண்டியை உரிமம் பெற்று ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் ராணுவத்துக்காகக் கட்டியது. 1999 வரை வந்தது. அதன் எஞ்சின் வரிசையாக ஆறு சிலிண்டர் கொண்ட 3956 சிசி பெட்ரோல் எஞ்சின். எம்எம் 540-இல் இருப்பது பெஜோ வடிவமைத்த எக்ஸ்டிபி 4.90, நான்கு சிலிண்டர், 2112 சிசி டீசல். ஏறக்குறைய இருமடங்கு கொள்ளளவுள்ள எஞ்சினோடு இதை ஒப்பிடுவது நியாயமா என்று கேட்கலாம். ஆனால் சந்தையில் நம் கைக்கு எட்டுபவை இவைதாம். ஒன்றை விட்டால் மற்றொன்று.

டீசல் என்றாலே அடியிலிருந்து இழுக்கும், பெட்ரோல் என்றால் முறுக்கினால்தான் போகும் என்று நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. இந்த இரண்டு எஞ்சின்களில் அது தலைகீழ். பெஜோ டீசலின் போர், அதாவது சிலிண்டரின் விட்டம், 90 மில்லிமீட்டர்; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம், 83 மட்டுமே. ஜோங்காவின் போர் 85.7, ஸ்ட்ரோக்கோ 114.3. அதாவது ஆறு சிலிண்டர் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் தனியாகப் பார்த்தாலும் பெரியது, நீண்டது. மெதுவாகச் சுற்றும்போதே அதற்குப் பலம் இருக்கிறது. இதைச் சிலிண்டர் எண்ணிக்கையின் கணக்கில் மட்டும் எழுதிவிடக் கூடாது. பழைய பெட்ரோல் ஜீப்பில் வந்த ஹரிக்கேன் எஞ்சின் நான்கு சிலிண்டர்தான். அதன் ஸ்ட்ரோக் 111 மில்லிமீட்டர் என்பதால் அதுவும் அடியிலிருந்து நன்றாகவே இழுக்கும்.

எண்ணிக்கைக்கு உரிய பெருமை எங்கே தெரிகிறது என்றால், வத்தல்மலைக்கு மேலே தார்ச்சாலையை விட்டு இறங்கி, கேழ்வரகுக் கொல்லைகளுக்குப் போகும் ஈரச் செம்மண் ஏற்றத்தில். நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சிலிண்டரின் உந்தல் முடியும் இடத்தில்தான் அடுத்ததன் உந்தல் தொடங்குகிறது. இடையில் சுழற்சி விசை ஒரு கணம் ஓய்ந்துவிடுகிறது. ஆறு சிலிண்டரில் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) 120 பாகை சுற்றுவதற்கு ஒரு முறை வெடிப்பு என்பதால், ஒன்று முடிவதற்கு 60 பாகை முன்பே அடுத்தது கைகொடுத்துவிடுகிறது. எங்கள் ஜீப்பை அந்த ஏற்றத்தில் மிக மெதுவாக ஏற்றினால் திணறும். ஹாஃப் கிளட்சில் பிடித்து ஆக்சிலரேட்டரைக் கொடுத்தால் இழுவை திடீரென்று வந்து பின்சக்கரம் சேற்றை வாரி இறைக்கும். அதே இடத்தில் ஜோங்காவை லோ கியரில் போட்டுக் கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டேன். நடந்து வருகிற ஆளின் வேகத்தில், டயர் வழுக்காமல், அது பாட்டுக்கு ஏறிப்போனது. வரிசை ஆறு சிலிண்டரில் பிஸ்டன்களின் அதிர்வு விசைகள் ஒன்றையொன்று தணித்துவிடுவதால் ஸ்டியரிங்கில் நடுக்கமும் குறைவு. ஒரு நாள் முழுக்க ஓட்டினால் தோள் அந்த வித்தியாசத்தைச் சொல்லும்.

பாதகமும் அங்கேயே தெரிந்தது. நீளமான வார்ப்பிரும்பு எஞ்சினின் பாரம் முழுவதும் முன்னால் இருப்பதால், தண்ணீர் தேங்கிய வயல் ஓரத்தில் ஜோங்காவின் மூக்குதான் முதலில் புதைந்தது. லேசான ஜீப் அதே இடத்தைத் தாண்டிவிட்டது.

நெடுஞ்சாலையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தொப்பூர்க் கணவாயில் இறங்கும்போது பெரிய எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தியதால் பிரேக்குக்கு வேலை குறைந்தது, அவ்வளவே.

செலவுதான் பெரிய விஷயம். மலையும் சாலையும் கலந்து ஜோங்கா லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்தது, ஜீப் 10 கொடுத்தது. லிட்டர் 100 ரூபாயைத் தாண்டிவிட்ட பெட்ரோலில் ஜோங்காவுக்குக் கிலோமீட்டருக்கு 25 ரூபாய்க்கு மேல் ஆகிறது. அதோடு இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ்களையும் எஞ்சினுக்குப் பெட்ரோல் ஏற்றும் பம்பின் டயஃப்ரமையும் அது அரிக்கும் என்பதால் அவற்றை மாற்றிவிடுவது நல்லது. உதிரி பாகம் பற்றித் தருமபுரியில் எங்கள் ஜீப்பைப் பார்க்கும் மெக்கானிக் ஒரே வரியில் சொன்னார்: "சார், ஜீப்புக்குப் பிஸ்டன் நாளைக்கே வந்துருங்க; ஜோங்காவுக்கு டெல்லி மாயாபுரியில சொல்லி வைக்கணுங்க." ஆறு சிலிண்டரின் கிராங்கைக் கிரைண்டிங் செய்யவும் லாரி எஞ்சின் பார்க்கும் லேத்தைத்தான் தேட வேண்டும்.

சூட்டையும் மறந்துவிடக் கூடாது. நம் மாவட்டத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை வருடக்கணக்காக ரேடியேட்டரில் ஊற்றினால் உப்பு படிந்து குழாய்கள் அடைத்துக்கொள்ளும். மாமாவின் வண்டியில் அதுதான் நடந்திருந்தது. இரண்டாவது நாளே முள் மேலே ஏறியது. சிலிண்டர்களை மேலே மூடும் நீளமான ஹெட் சூட்டில் வளைந்துவிட்டால், இடுக்கை அடைக்கும் கேஸ்கெட் நிற்காது. குறுகிய நான்கு சிலிண்டர் ஹெட்டில் அந்த அபாயம் குறைவு.

இதனால்தான் பலர் ஜோங்காவில் டாடா 407-இன் நான்கு சிலிண்டர் டீசலை இறக்கிவிடுகிறார்கள். எரிபொருள் மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் ஜோங்காவை ஜோங்காவாக வைத்திருந்த அந்த நிதானமான இழுவை போய்விட்ட பிறகு, அதன் எடையை மட்டும் சுமந்து திரிவதில் எனக்கு விருப்பமில்லை.

தோட்ட வேலைக்குத் தினமும் எடுக்கிறவர்களுக்கு நான்கு சிலிண்டர் டீசலையே சொல்வேன். மாதம் ஒரு முறை மலையேறுகிற, பட்டறையில் காத்திருக்கப் பொறுமையுள்ள ஆளுக்கு ஜோங்கா. வாங்கும் முன் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து உப்புப் படிவு இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்சியில் உள்ள எஞ்சின் எண்ணையும் எரிபொருள் வகையையும் வண்டியில் இருப்பவற்றோடு ஒப்பிட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்.