ஃப்ரெண்டோட அப்பா கடை கடப்பா: 3 ஸ்டார், அவகிட்ட கேட்டுட்டுதான் போடுறேன்

கும்பகோணத்துல புதுசா தொறந்த டிபன் கடை, நாலே டேபிள். பேர் போடாம என்ன ரிவ்யூன்னு கேக்காதீங்க, இது என் க்ளாஸ்மேட்டோட அப்பா கடை, நாங்க நாலு பேரும் ஆறாங்கிளாஸ்லேந்து ஒண்ணா சுத்துறவங்க, இப்ப ப்ளஸ் டூ.

மொத ஞாயித்துக்கெழமையே போயிட்டோம். இட்லி பஞ்சு மாதிரி, அதுல குறையே இல்ல. பிரச்சனை கடப்பால. வெளியூர்க்காரங்களுக்கு சொல்லிடுறேன், பாசிப்பருப்பும் உருளைக்கெழங்கும் வேகவச்சு, தேங்கா பொட்டுக்கடலை பச்சமொளகா சோம்பு பூண்டு அரைச்சு ஊத்தி, பட்ட கிராம்பு தாளிக்கிறது. சாம்பாரும் இல்ல குருமாவும் இல்ல. எங்க அப்பாயி மஞ்சத்தூளே போடமாட்டாங்க, வெளுப்பாதான் இருக்கணும்பாங்க. இங்க மஞ்சமஞ்சேன்னு தண்ணியா இருந்துச்சு, கடைசில நாக்குல ஒரு கசப்பு வேற, எலுமிச்சம்பழத்த எறக்கி வச்சப்புறம் புழியாம கொதிக்கும்போதே புழிஞ்சிருக்காங்க போல.

அவ தண்ணி ஜக்க புடிச்சுக்கிட்டு நின்னு "எப்படிடி இருக்கு"ன்னா. அந்த மூஞ்சிய பாத்துட்டு என்னத்த சொல்றது, "சூப்பர்டி"ன்னுட்டேன். இன்னொருத்தி ஒருபடி மேல போயி ரெண்டாவது கரண்டி வாங்குனா, நடிப்புன்னா அப்படி ஒரு நடிப்பு. எங்க செட்ல பட்டுன்னு பேசுறவ ஒருத்தி உண்டு, பக்கத்து டேபிள்ல ஆளுங்க சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போதே "என்னடி இது, சாம்பார்ல குருமா தவறி விழுந்துடுச்சா"ன்னு கேட்டுட்டா. கல்லாலேந்து அவங்கப்பா திரும்பிப் பாத்தாரு. ஒருத்தரும் சிரிக்கல.

அப்புறம் ஒரு மாசம் அந்தப் பக்கமே போகல. அவ கூப்பிட்டா பசிக்கல, வயிறு சரியில்லன்னு சாக்கு. ஒருநாள் ட்யூஷன் முடிச்சு மகாமகக் குளத்து பக்கம் நின்னு நாங்க பஜ்ஜி சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது சைக்கிள்ல வந்தவ பாத்துட்டா, நிக்காம போயிட்டா. மறுநாள் பட்டுன்னு பேசுறவள விட்டுட்டு என்கிட்டதான் வந்தா. "அவ ஆளுங்க முன்னாடி சொன்னது தப்பு, எங்கப்பா அன்னிக்கு சாப்பிடவே இல்ல. ஆனா நீ சூப்பர்னு சொன்னத நம்பித்தான் இத்தன நாளா அதே பக்குவத்துல போட்டாரு, மிச்சமாகுறத ராத்திரி நாங்கதான் சாப்பிடுறோம்"ன்னா. எனக்கு பதிலே வரல. நல்லவளா இருக்கணும்னுதான் பொய் சொன்னேன், ஆனா அந்த தூக்குல மிஞ்சுன கடப்பா என்னாகும்னு ஒருநாளும் யோசிக்கல.

ஞாயித்துக்கெழமை அவள வீட்டுக்கு கூட்டிட்டு போயி அப்பாயி செய்யும்போது பக்கத்துலயே நிக்க வச்சேன். ரெண்டு நாள் கழிச்சு மத்தியானம் மூணு மணிக்கு, கடைல ஆளே இல்லாத நேரமா பாத்து, சின்ன தூக்குல கொண்டுபோயி அவங்கப்பா முன்னாடி வச்சேன். "அப்பா, இது எங்க அப்பாயி பக்குவம், ஒருவாட்டி பாருங்களேன்." ஒரு வாய் சாப்பிட்டுட்டு ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "மஞ்சத்தூள் போடலன்னா கலர் வராதேம்மா"ன்னாரு. "கலரே வேணாம்ப்பா"ன்னேன்.

இப்ப கடப்பா நெஜமாவே நல்லாருக்கு, நம்பிப் போலாம். 2028 மகாமகத்துக்கு வர்ற கூட்டத்துக்குள்ள கடைய நிலைநிறுத்திடணும்னு அவங்கப்பா கணக்கு போட்டுக்கிட்டு இருக்காரு.

காபிதான் இன்னும் சரியில்ல. வாசல்ல டிகிரி காபின்னு போர்டு, பித்தளை டபரா பளபளன்னு இருக்கு, உள்ள ரெண்டாவது டிகாஷன் ஊத்துறாங்க. பாலும் தண்ணிதான். அதுக்குத்தான் 2 ஸ்டார் கொறைச்சேன். போடுறதுக்கு முன்னாடி இத அவகிட்ட படிச்சுக் காமிச்சேன், "அஞ்சு போட்டா எவனும் நம்பமாட்டான், மூணே போடு"ன்னா. காபி விஷயத்த அப்பாகிட்ட நீயே சொல்லிடுடின்னேன், "அய்யோ நான் மாட்டேன், நீயே மூணு மணிக்கு வா"ங்குறா.