சீட்டு எண்ணும் கைப்பேசி விற்கிறார்கள், வாங்காதீர்கள்

சிங்கப்பூரில் நம் ஆட்கள் இருக்கும் டெலிகிராம் குழுக்களில் "பிளாக்ஜாக்கில் தினமும் 300 வெள்ளி உறுதி, தோற்கவே முடியாது" என்று சீட்டு எண்ணும் கைப்பேசிக்கு ஒரு விளம்பரம் சுற்றுகிறது. பிளாக்ஜாக் என்பது சூதாட்டக்கூடத்தில், சீட்டுப் போடும் ஊழியரான டீலரை எதிர்த்து, கூட்டுத்தொகை 21ஐத் தாண்டாமல் ஆடும் சீட்டாட்டம். அந்தப் பேச்சை நம்பி 1,800 வெள்ளி கொடுத்து ஏமாந்தவன் நான். பிள்ளைகளோடு ஊருக்குப் போய் அம்மாவைப் பார்க்க எடுத்து வைத்திருந்த டிக்கெட் காசு அது. இந்த வருஷம் நாங்கள் போகவில்லை. இன்னொரு வீட்டுக்கு இது நடக்கக் கூடாது என்றுதான் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

நான் மின்தூக்கி பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். நிரந்தரவாசி. சூதாடும் பழக்கம் இல்லை, தீபாவளிக்கு நண்பர்களோடு சீட்டு ஆடுவதோடு சரி. கூட வேலை பார்க்கும் ஒருவர் மூலம்தான் அந்தக் கைப்பேசியை விற்கும் ஆள் அறிமுகமானார். தேக்காவில் ஒரு கோப்பிக்கடையில் சந்தித்தோம். நாற்பது வயது இருக்கும், பேச்சில் அவ்வளவு பணிவு. "தம்பி, இது சூதாட்டம் இல்ல, கணக்கு. கணக்கு தெரிஞ்சவன் தோக்க மாட்டான்" என்றார். இரண்டு தேத்தண்ணிக்கும் அவரே காசு கொடுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஈசூனில் அவர் வாடகைக்கு இருந்த அறைக்குக் கூப்பிட்டார். மஞ்சள் பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு போட்ட ஒரு சின்ன மேசை. ஒரு சீட்டுக் கட்டைப் பிரித்து அவரே கலைத்தார், அவரே போட்டார். காற்சட்டைப் பையில் கைப்பேசி. 2 முதல் 6 வரை சின்னச் சீட்டு விழுந்தால் ஒலி கூட்டும் பொத்தானை ஒரு தட்டு. பத்து, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் விழுந்தால் ஒலி குறைக்கும் பொத்தான். 7, 8, 9 வந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். செயலி கணக்கு வைத்துக்கொள்ளும். மீதிக் கட்டில் பெரிய சீட்டு அதிகம் என்றால் தொடையில் நீளமாக ஓர் அதிர்வு: பந்தயத்தை ஏற்று. சின்னச் சின்னதாக இரண்டு என்றால் குறை. அந்த ஒரு மணி நேரத்தில் பெரிய பந்தயம் வைத்த ஆட்டங்களில் பெரும்பாலானதை நான் ஜெயித்தேன். என் தொடையில் அந்த அதிர்வு வந்து, அடுத்த சீட்டாக ராஜா விழுந்தபோது உடம்பு சிலிர்த்தது. அங்கேயே பேநவ் வழியாகக் காசு அனுப்பினேன். கையில் கிடைத்தது திரையில் கீறல் விழுந்த ஒரு பழைய ஆண்ட்ராய்டு போன்.

மூன்று வாரம் இரவு இரவாகப் பழகினேன். என் மனைவிதான், "அதை வீட்ல வெச்சிட்டு முதல்ல சும்மா கசினோவுக்குப் போய்ப் பாத்துட்டு வாங்க" என்றாள். அவள் அப்படிச் சொல்லியிருக்காவிட்டால் இன்று நான் எங்கே இருப்பேன் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

போனை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போனேன். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சூதாட்டக்கூடத்துக்குள் போக 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி நுழைவு வரி கட்ட வேண்டும். 2019 ஏப்ரலுக்கு முன் அது 100 வெள்ளி. ஒரு சீட்டைக்கூடத் தொடுவதற்கு முன்பே 150 போய்விடுகிறது, அவர் சொன்ன "தினமும் 300"ல் பாதி. இதை அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, எனக்கும் உறைக்கவில்லை.

பிளாக்ஜாக் மேசைக்குப் பின்னால் நின்று அரை மணி நேரம் பார்த்தேன். டீலர் சீட்டுப் போட்டார், ஆட்டம் முடிந்தது. விழுந்த சீட்டுகளை எல்லாம் சேர்த்து எடுத்து, பக்கத்தில் இருந்த கறுப்புப் பெட்டியின் வாய்க்குள் திணித்தார். அந்தப் பெட்டியிலிருந்துதான் அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டு வந்தது. இடைவிடாமல் கலைத்துக்கொண்டே இருக்கும் இயந்திரம் அது. அடுத்த ஆட்டம் முடிந்ததும் மறுபடி உள்ளே. எனக்குக் கை கால் ஓடவில்லை.

ஏன் என்று சொல்கிறேன், இதுதான் முக்கியம். சீட்டு எண்ணுவதற்கு ஓர் அடிப்படை இருக்கிறது: விழுந்த சீட்டு வெளியே போக வேண்டும். ஐந்தாறு சின்னச் சீட்டு வெளியே போனால் மீதியில் பெரிய சீட்டின் பங்கு கூடும், ஆடுபவனுக்கு அது சாதகம். விழுந்த சீட்டு உடனே கட்டுக்குள் திரும்பிவிட்டால் எதை எண்ணுவது? கணக்கு ஏறக்குறைய பூஜ்யத்திலேயே நிற்கும். மூன்று வாரம் நான் பழகியது அந்த மேசையில் எதற்கும் உதவாது. கையால் கலைத்து, ஷூ என்ற சீட்டுப் பெட்டியில் வைக்கும் மேசைகளிலும் ஆறு கட்டு, எட்டு கட்டு சேர்த்து ஆடுவார்கள். எட்டு கட்டு என்றால் 416 சீட்டு. அதில் நடுவே ஒரு வெட்டுச் சீட்டைச் செருகி, கடைசிக் கட்டுகள் விழும் முன்பே மறுபடி கலைத்துவிடுவார்கள். ஈசூன் அறையில் அவர் வைத்திருந்தது ஒரே கட்டு, 52 சீட்டு, கடைசி வரை போட்டார். அவ்வளவு குறைந்த சீட்டில் எண்ணிக்கை பலமாகத்தான் தெரியும். நல்ல மேசை கிடைத்து, தப்பில்லாமல் எண்ணுகிற ஆளுக்கே நூற்றுக்கு ஒரு வெள்ளி அளவில்தான் சாதகம். அவனும் நாள் கணக்கில் தொடர்ந்து தோற்கவும் செய்யலாம். தினச் சம்பளம் மாதிரி வரும் காசு இல்லை அது.

நான் நின்றுகொண்டிருந்தபோதே ஒருவர் மேசையில் கைப்பேசியை எடுத்தார். டீலர் உடனே உள்ளே வைக்கச் சொன்னார். அடுத்த நிமிடம் கோட்டுப் போட்ட ஒருவர் வந்து அந்த மனிதருக்குப் பின்னால் நின்றார். மேலே நிமிர்ந்து பார்த்தேன், கூரை முழுக்க கேமரா. பைக்குள் கையை விட்டுத் தட்டிக்கொண்டிருப்பவனை அவர்களுக்குத் தெரியாதா?

வீட்டுக்கு வந்துதான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். மனசுக்குள் எண்ணுவது குற்றம் இல்லை. பிடிக்காவிட்டால் கூடம் உங்களை ஆட விடாது, அவ்வளவுதான். ஆனால் கைப்பேசியோ வேறு கருவியோ வைத்து எண்ணினால் சூதாட்டக்கூடக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி குற்றம். அங்கே ஏமாற்றி ஆடுவதற்கு ஏழு ஆண்டு வரை சிறை, ஒன்றரை லட்சம் வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். என் மாதிரி ஆளுக்கு வேலையும் போகலாம், இங்கே இருக்கும் உரிமையும் போகலாம்.

"இது புதுக் கண்டுபிடிப்பு, கூடத்துக்காரனுக்கு இன்னும் தெரியாது" என்பதும் பொய். அமெரிக்காவில் கீத் டாஃப்ட் என்ற பொறியாளர் 1970களிலேயே கால்விரலால் இயக்கும் கணினியை உடம்பில் ஒளித்துக்கொண்டு ஆடினார். நெவாடா மாநிலம் 1985ல் அத்தகைய கருவிகளைச் சட்டம் போட்டுத் தடுத்தது. பிறகு ஐபோனுக்குச் சீட்டு எண்ணும் செயலி வந்தது, திரை இருண்டிருக்கும்போதே அது வேலை செய்யும். நெவாடா சூதாட்டக் கட்டுப்பாட்டு வாரியம் 2009 பிப்ரவரியிலேயே கூடங்களுக்கு எச்சரிக்கை அனுப்பியது. சிங்கப்பூரில் முதல் சூதாட்டக்கூடம் திறந்ததே 2010ல். அதாவது இங்கே கதவு திறக்கும் முன்பே இந்த வித்தை அவர்களுக்குத் தெரியும்.

அன்றிரவே அந்த ஆளுக்கு அழைத்தேன். "அண்ணே, அங்க இயந்திரம் இருக்கு, இது வேலைக்கு ஆகாது, காசைத் திருப்பிக் கொடுங்க" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு அதே பணிவான குரலில், "போலீஸ்ல என்ன சொல்லுவீங்க தம்பி? கசினோவ ஏமாத்தப் போன் வாங்கினேன், அது வேலை செய்யலன்னா?" என்றார். அதோடு என் எண்ணைத் தடுத்துவிட்டார். அந்த வாக்கியத்தில்தான் அவருடைய மொத்த வியாபாரமும் இருக்கிறது. வாங்கினவன் வாயைத் திறக்க மாட்டான் என்ற தைரியம்.

பத்து நாள் தூங்கவில்லை. பிறகு அக்கம்பக்கக் காவல் நிலையத்துக்குப் போய் நடந்ததை நடந்தபடி சொன்னேன், அந்த போனையும் மேசை மேல் வைத்தேன். கூடத்துக்குள் அதைக் கொண்டுபோனேனா என்று அந்த அதிகாரி இரண்டு முறை கேட்டார். இல்லை என்றேன். புகாரை எழுதிக்கொண்டார், பணம் அனுப்பிய ரசீதின் நகலை வாங்கிக்கொண்டார். காசு இதுவரை வரவில்லை. வரும் என்ற நம்பிக்கையும் பெரிதாக இல்லை. ஆனால் அன்றிரவு தூங்கினேன்.

உங்களிடமும் இப்படி யாராவது காசு வாங்கியிருந்தால் பயந்து ஒளியாதீர்கள். அந்தக் கைப்பேசியை எடுத்துக்கொண்டு கூடத்துக்குள் மட்டும் போகாதீர்கள், புகார் கொடுங்கள். மோசடியா என்று சந்தேகமாக இருந்தால் 1799க்கு அழைத்துக் கேட்கலாம். போட்ட காசை ஆடியே எடுத்துவிடலாம் என்று மனசு இழுத்தால் சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றத்தின் எண் 1800-6-668-668. நம்மை உள்ளே விடாதபடி நாமே அங்கு பதிவு செய்துகொள்ளலாம், குடும்பத்தாரும் விண்ணப்பிக்கலாம்.

போன வாரம் துவாஸ் விடுதியில் இருக்கும் ஒரு தம்பி எனக்கு ஒரு விளம்பரத்தை அனுப்பி, "அண்ணே, இது நல்லதா?" என்று கேட்டான். பெயர் வேறு, எண் வேறு, விலை 2,200 வெள்ளி. படத்தில் ஒரு கை சீட்டைப் பரப்பி வைத்திருந்தது. அதற்குக் கீழே அதே மஞ்சள் பூப்போட்ட மேசை விரிப்பு.