140-ஐ 0.85-ஆல் பெருக்கித் தர 14,500 ரூபாயா?

ஆத்திரத்தில்தான் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 14,500 ரூபாய் போய்விட்டது.

பயிற்சி அட்டவணை விற்கும் ஓர் ஆப். பேக் ஸ்குவாட்டில் (பாரைத் தோளுக்குப் பின்னால் வைத்து உட்கார்ந்து எழுவது) அதிகபட்சம் எவ்வளவு தூக்குவீர்கள் என்று மட்டும் சொன்னால் போதும், ஃப்ரண்ட் ஸ்குவாட் (பாரைத் தோளின் முன்பக்கம் வைத்து அதையே செய்வது), கிளீன் (தரையிலிருந்து தோளுக்கு), ஸ்னாட்ச் (தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல்), த்ரஸ்டர் (ஃப்ரண்ட் ஸ்குவாட்டிலிருந்து எழுந்தபடியே தலைக்கு மேல்) எல்லாவற்றுக்கும் எடையை ஏஐ கணித்துத் தரும் என்று விளம்பரம். நான் உடனே விழவில்லை. பயிற்சியாளர் ஒருவர் வீடியோ காலில் வந்து, மாப் கட்டையைத் தலைக்கு மேல் பிடித்தபடி உட்காரச் சொன்னார். போனைப் பக்கவாட்டில் வைக்கச் சொல்லி கணுக்கால், தோள், மணிக்கட்டு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். "அண்ணா, உங்க தோள் கொஞ்சம் டைட்டு. அதையும் கணக்குல சேர்த்துடுறேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் பணம் அனுப்பினேன்.

அட்டவணை வந்தது. பேக் ஸ்குவாட் நான் சொன்ன 140 கிலோ, ஃப்ரண்ட் ஸ்குவாட் 119, ஸ்னாட்ச் 84. நான் இதுவரை தூக்கிய அதிகபட்ச ஸ்னாட்சே 55 கிலோதான்! மூன்றாம் வாரம் அந்த 84-இல் 80 சதவீதம் என்று 67 கிலோ போட்டிருந்தார்கள். முயன்று பார்த்தது என் முட்டாள்தனம். பார் பின்னால் போய் விழுந்தது. வலது கையைத் தூக்கினால் இன்னும் சுருக்கென்கிறது.

எங்கள் ஜிம்மில் ஓர் அக்காவும் இதையே வாங்கியிருந்தார். அவருக்குப் பேக் ஸ்குவாட் 80, ஃப்ரண்ட் ஸ்குவாட் 68, ஸ்னாட்ச் 48. பேக் ஸ்குவாட் எண்ணால் மற்றதைக் கால்குலேட்டரில் வகுத்துப் பார்த்தோம். இருவருக்கும் அதே 0.85, அதே 0.6. அவர் ஏற்கெனவே 52 கிலோ ஸ்னாட்ச் செய்கிறவர். என் டைட்டான தோள் எந்தக் கணக்கில் சேர்ந்ததோ!

இந்த விகிதங்கள் பொய்யல்ல. வருடக்கணக்கில் ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் என்றே பழகிய பளுதூக்கும் வீரர்களுக்கு ஏறத்தாழ இப்படித்தான் வரும். ஓட்டம், ரோயிங், புல்லப், நடுவில் கொஞ்சம் பார்பெல் என்று கலந்துகட்டிச் செய்யும் எங்களுக்கு எப்படிப் பொருந்தும்? ஃப்ரண்ட் ஸ்குவாட்டில் எனக்குக் கால் தளர்வதற்கு முன்பே முழங்கை தாழ்ந்துவிடும். த்ரஸ்டரில் அதற்கும் முன்னால் மூச்சு வாங்கும். ஸ்னாட்ச் என்றால் தோளும் வேகமும் டைமிங்கும் வேண்டும். பேக் ஸ்குவாட் எண்ணில் அதெல்லாம் எங்கே தெரியும்?

அந்தப் பயிற்சியாளரிடம் கேட்டதற்கு முதலில் "ஏஐ உங்களைக் கத்துக்க நாலு வாரம் ஆகும் அண்ணா". அப்புறம் "உங்க டெக்னிக்தான் பிரச்சனை". பிறகு, டிஜிட்டல் பொருளுக்கு ரீஃபண்ட் இல்லையாம். அண்ணா போய் 'டியர் கஸ்டமர்' ஆனேன். இப்போது ப்ளூ டிக் மட்டும் வருகிறது. 14,500 ரூபாய்ங்க, என் ஜிம்முக்கு ஏழு மாதக் கட்டணம்!

என்ன பார்த்து வாங்கலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், கை வலிக்கிறது. ஒவ்வொரு லிஃப்டிலும் நீங்கள் எவ்வளவு தூக்குவீர்கள் என்று கேட்காதவனிடம் வாங்காதீர்கள். மொத்தப் பணத்தையும் முன்னாலேயே கட்டாதீர்கள். சாட் உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். என்னுடையதில் பாதியை அவர் அழித்துவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன். மாப் கட்டை வீடியோ மட்டும் இன்னும் அவர்கள் விளம்பரத்தில் ஓடுகிறது, என் முகத்தோடு.